சுவரைப் பார்த்து நிறுத்திய கார்

அருந்ததி காரை எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நிறுத்துவாள். பினாங்கில் எந்த டென்னிஸ் திடலுக்குப் போனாலும் அங்கே ஒரு சுவரோ, புதரோ, குறைந்தபட்சம் ஒரு பெரிய மரமோ இல்லாமலா போகும்? அதைத் தேடிப் பிடித்து, அதன் முகத்தில் முட்டுகிற மாதிரி தன் பழைய கன்சில் காரைக் கொண்டுபோய் நிறுத்துவாள். பின்புறம் தெரியும் கண்ணாடியை மேலே திருப்பிவிடுவாள். அதற்குப் பிறகுதான் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு விடுவாள். அவள் முதுகுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், அவள் பெற்ற மகள் ஆடிக்கொண்டிருப்பாள்.

மகள் பிரஷாந்தி இன்றைக்குத் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரி. தாய்லாந்து, இந்தோனேசியா, துனீசியா என்று பெட்டியும் மட்டையுமாக அலைகிறவள். அவளைப் பதினோரு வயதிலிருந்து திடல் திடலாக ஏற்றி இறக்கியவள் அருந்ததிதான். ஆனால் மகள் ஆடி ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. ஊர் சும்மா இருக்குமா? வெயில் ஆகாது போலிருக்கிறது என்றார்கள் சிலர். பெண் பிள்ளை குட்டைப் பாவாடை கட்டி ஓடுவது பிடிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர். கொண்டுவந்து இறக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஆள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அருந்ததி யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாக இருந்தால்தானே சொல்வாள்?

அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயிலும் தபால் நிலையத்திலும் குமாஸ்தாவாகப் பினாங்குக்கு வந்து சேர்ந்த மனிதர்கள் கோயில் கட்டினார்கள், சங்கம் கட்டினார்கள், சங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டென்னிஸ் திடலும் போட்டுக்கொண்டார்கள். துரைமார் ஆடினால் நாமும் ஆடுவோம் என்கிற வீம்பு. அந்தத் திடலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறவர்தான் அருந்ததியின் கணவர் ஸ்ரீகரன். இடைநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அப்பாவோடு போன பிரஷாந்தி முதலில் மாமாமார்களுக்குப் பந்து பொறுக்கினாள். பிறகு சங்கத்துக் கழிப்பறைச் சுவரில் பந்தடித்தாள். அந்தச் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து, செயற்குழு கூடி, அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காக ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக் கொடுங்கள் என்று ஸ்ரீகரனிடம் சொல்லும் அளவுக்குப் போயிற்று.

பயிற்சியாளராக வந்தவர் ஹைதர். பேச்சு குறைவு, விசில் அதிகம். இரண்டே வருடத்தில் பிரஷாந்தி மாநிலத்தின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கால் இறுதிக்கு வந்தாள்.

அருந்ததிக்கு லைட் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் எல்லாம் அவள் ஒருமுறை பார்த்த பிறகுதான் வக்கீல் பேனாவை எடுப்பார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டு, அலுவலகச் சேலையோடு திடலுக்கு ஓடினாள். வேலியோரம் நின்று பார்த்தாள். மகள் முன்னணியில் இருந்தாள். அந்தச் சின்ன உடம்பு பந்துக்குப் பந்து பறப்பதைப் பார்க்கப் பார்க்க அருந்ததிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்:

"எவ்ளோ அழகா ஆடுறா பாருங்க, என் மக!"

அடுத்த பந்துக்கு ஓடிய பிரஷாந்தி கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. ஹைதர் தூக்கிக்கொண்டு வந்தபோது பிள்ளை வலியில் அழவில்லை. தோற்றுவிட்டோமே என்று அழுதாள். அருந்ததி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, இது யாருடைய வேலை என்று.

பிள்ளையின் மேல் ஊர்க்கண் படுவதற்கு முன்னால் தாயின் கண் பட்டுவிடும் என்பது அவர்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காமல் நம்பிவந்த விஷயம். பிள்ளை வயிறாரச் சாப்பிடும்போது தாய் உற்றுப் பார்க்கக்கூடாது. தூங்கும்போது முகத்தைப் பார்த்துப் பூரித்துப் போகக்கூடாது. வாயால் புகழவே கூடாது. இத்தனையும் தெரிந்தவள், நட்ட நடு மத்தியானத்தில், ஊரார் நடுவில், கண்ணும் வாயும் சேர்ந்தாற்போல் வைத்துவிட்டாளே!

ஆனாலும் மனசு கேட்குமா? அடுத்த வருடம் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தாள். வாயையே திறக்கவில்லை. அப்படியும் மகளின் மட்டையில் நரம்பு அறுந்தது. இரவல் மட்டையோடு ஆடிய பிள்ளை தோற்றது. அதோடு அருந்ததி முடிவு செய்துவிட்டாள். அவள் கண் பொல்லாதது. அந்தக் கண்ணை மகளின் ஆட்டத்துப் பக்கம் இனித் திருப்பப்போவதில்லை.

மகளிடம் இதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஸ்ரீகரனிடம் சொன்னாள், அவர் கணக்கு வாத்தியார், சிரித்தார். கார் நிறுத்தும் இடத்தில் பானக் கடை வைத்திருந்த ஹமீதாவிடம் சொன்னாள், ஹமீதா சிரிக்கவில்லை. அவளும் மூன்று பிள்ளை பெற்றவள். "நீங்க இருங்க லா அக்கா, நான் பாத்துச் சொல்றேன்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து பார்லித் தண்ணீர் ஊற்றியபடியே வேலிப் பக்கம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, காருக்குள் இருப்பவளுக்குச் செய்தி சொல்வது ஹமீதாவின் வேலையாயிற்று.

காலம் போகப் போக அருந்ததிக்கு ஹமீதாவும் தேவைப்படவில்லை. காதே போதும் என்றாகிவிட்டது. மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கு ஒரு சத்தம், விளிம்பில் பட்ட பந்துக்கு ஒரு சத்தம். மகள் இடப்பக்கம் இரண்டு கையாலும் அடிக்கும்போது தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு முனகல் வரும். அது நீண்டால் பிள்ளை களைத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போது அருந்ததி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் சுவரிடம் மன்றாடுவாள். அந்தச் சுவர்கள் கேட்ட வேண்டுதலைக் கோயில் சாமிகூடக் கேட்டிருக்காது.

ஆட்டம் முடிந்து பிரஷாந்தி காரில் ஏறியதும், "சாப்பிட்டியா? மேல் துடைச்சியா?" என்று மட்டும் கேட்பாள். நன்றாக ஆடினாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வென்ற நாளில் இன்னும் கடுகடுப்பாக இருப்பாள், சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று. பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கோப்பையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும்.

பதினாறு வயதில் நாட்டின் இளையோர் அணி. அதற்கடுத்த வருடம் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வு. பிரஷாந்தி நல்ல மதிப்பெண் வாங்கித் தொலைத்தாள், அங்கேதான் சிக்கல். மதிப்பெண் குறைந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டில் ஒரு பிள்ளையை யாருக்காவது அறிமுகம் செய்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் படிப்பைக் கேட்பார்கள்.

"பிரஷாந்தி இப்ப என்ன செய்யுது?"

"டென்னிஸ் ஆடுது."

"அது சரி. என்ன செய்யுது?"

ஸ்ரீகரனே தடுமாறினார். அக்கவுன்டன்சி முடித்துவிட்டு ஆடட்டுமே என்றார். ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கிவிட்டு வரும் வழியில், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபடி அருந்ததிதான் சொன்னாள்: "அக்கவுன்டன்சி எங்கயும் ஓடிப் போகாது. அவ ஆடட்டும் லா." வீட்டுக்குப் போனதும் ஸ்ரீகரன் தன் முடிவு போல மகளிடம் அறிவித்தார். பிரஷாந்தி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அருந்ததி அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை போல என்று மகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும், நல்லதுதான் என்று இருந்துவிட்டாள்.

தொழில்முறை ஆட்டம் என்றால் பளபளப்பு என்று நினைப்பவர்கள் அந்த முதல் வருடங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத திடல்கள். தகுதிச் சுற்றில் தோற்றால் அன்றைக்கே அறையைக் காலி செய்யவேண்டும். வேறு நாட்டு ஆட்டக்காரியோடு ஒரே அறையைப் பங்குபோட்டு, சுடுதண்ணீர் ஊற்றிய மீ நூடுல்ஸை இரவல் முள்கரண்டியால் சாப்பிட்டு, துணியைக் குளியலறையில் துவைத்து மின்விசிறியில் காயப்போட்டு ஆடினாள் பிரஷாந்தி. வாரா வாரம் தோற்றாள். தோற்றுத் தோற்றுத்தான் ஒருநாள் தாய்லாந்தில் முதல் சுற்றைத் தாண்டினாள். உலகத் தரவரிசையின் கடைசி வாலில் அவள் பெயர் ஏறியது.

மகள் வெளிநாட்டில் ஆடும்போது ஸ்ரீகரனின் கைப்பேசியில் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்களைப் பார்த்தாலும் பார்த்ததுதானே என்று அருந்ததிக்குப் பயம். அவளுடைய கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, சமையலறைக் கதவையும் சாத்திக்கொள்வாள். முதல் வெற்றி வந்த நாளில் ஸ்ரீகரன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். அருந்ததி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

மகள் வீடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நிறுத்திச் சுற்றிப்போடுவாள். உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாம் கைப்பிடிக்குள். தலையைச் சுற்றிக்கொண்டே, "தாய்க்கண், ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண், நரிக்கண், கொள்ளிக்கண், கள்ளக்கண்..." என்று முணுமுணுப்பாள். முதலில் வருவது தாய்க்கண்தான். பிரஷாந்தி கைப்பேசியைத் தடவியபடி நிற்பாள். மிளகாயை அடுப்பில் போட்டால் நெடியில் அவர்கள் அடுக்குமாடி வீட்டின் அந்தத் தளமே இருமும். நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருந்தது என்று அர்த்தமாம். அருந்ததிக்கு மட்டும் அது ஒருநாளும் நெடித்ததாக நினைவில்லை.

இப்படியே போய், பிரஷாந்திக்கு இருபத்தைந்து வயதானபோது, பினாங்கிலேயே பெண்களுக்கான ஒரு சின்ன அனைத்துலகப் போட்டி நடந்தது. அதற்குள் அவள் தரவரிசையில் ஐந்நூறுக்குள் வந்திருந்தாள். ஆனால் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. அரையிறுதி வரை வருவாள், அதோடு சரி. இந்த முறை சொந்த ஊர்க் காற்று கைகொடுத்தது. சனிக்கிழமை அரையிறுதியில் வென்றாள். அவள் வாழ்க்கையின் முதல் இறுதி ஆட்டம், மறுநாள் மாலை. அரையிறுதியை அருந்ததி வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு காதால்தான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாசாரிலிருந்து திரும்பும்போது காரில் தமிழ் வானொலி பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. அறிவிப்பாளர் யாரையோ வாழ்த்தினார். மகளின் குரல் வந்தது. முந்தின நாள் ஆட்டம் முடிந்ததும் எடுத்த பேட்டி.

"சொந்த ஊர்ல ஃபைனல், பிரஷாந்தி! அம்மா அப்பா ரெண்டு பேரும் வந்து பாப்பாங்களா?"

"அப்பா ஊர்ல நடக்குற ஒரு மேட்சும் விட்டதில்ல. அம்மாவுக்கு... அம்மாவுக்கு டென்னிஸ்ல அவ்வளவா இஷ்டம் இல்ல. வருவாங்க. ஆனா பார்க்கிங்ல காடிக்குள்ளயே இருப்பாங்க. பரவால்ல. பழகிடுச்சு."

அறிவிப்பாளர் சிரித்தார். பிரஷாந்தியும் சிரித்தாள். மறுபடியும் பாட்டு வந்தது.

அருந்ததி வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்ரீகரன் மீன் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த முனையும் போயிற்று.

"பழகிடுச்சாம்" என்றாள்.

"அவகிட்ட எப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கோர்ட்ல நின்னு என் கண்ணைத்தான் தேடுவா. பந்தையா பாப்பா?"

"இப்ப மட்டும் என்னத்தைத் தேடுறான்னு நெனைக்கிற?"

கணக்கு வாத்தியாருக்கு இப்படியும் கேட்கத் தெரியும் என்று அருந்ததிக்கு அன்றுவரை தெரியாது. காரை ஓரங்கட்டினாள். அழுகை வந்தது, அழுதாள். இத்தனை வருடமாகத் தன் பாசத்தையெல்லாம் முதுகால் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், மகளுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. போய் உட்கார்ந்து பார்த்தால் மகள் தோற்றுவிடுவாள். போகாவிட்டால் மகள் வென்றாலும் அம்மா இல்லாமலே வெல்வாள். எதைச் செய்தாலும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு எனக்கும் ஒரு நாற்காலி எடுத்து வைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பயம் விடவில்லை. மத்தியானம் முழுவதும் யோசித்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்ரீகரனுக்குக் கண்புரை எடுத்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடி ஒன்று அலமாரியில் கிடந்தது. பக்கவாட்டையும் மூடுகிற பெரிய கண்ணாடி. கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நம் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணால் மற்றவர்களுக்கும் கெடுதல் இருக்காதுதானே? வக்கீல் அலுவலகத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு வாதம் சொல்லியா தரவேண்டும்?

மாலையில் வானம் மூடியிருந்தது. குடும்பத்தாருக்கென்று முன்வரிசையில் போட்ட நாற்காலியில் அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடியோடு அருந்ததி போய் உட்கார்ந்தாள். ஹைதர் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். ஸ்ரீகரன் கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டார். தூரத்தில் ஹமீதா கடையை அப்படியே போட்டுவிட்டு வேலியில் தொற்றிக்கொண்டு நின்றாள்.

எதிராளி ஒரு தாய்லாந்துப் பெண். நெடுநெடுவென்று உயரம், இடக்கை. அவளுடைய தாய் அருந்ததிக்கு அடுத்த நாற்காலியில் இருந்தாள். மாங்காய்க் கீற்றில் மிளகாய் உப்பைத் தொட்டு நீட்டினாள். அருந்ததி ஒன்றை எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை, புளிப்பைத் தவிர.

முதல் செட் முழுவதும் அருந்ததி தலையைக் குனிந்து, கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருந்தாள். நிழல்கள் ஓடுவதுதான் தெரிந்தது. அப்படியும் மகள் அந்த செட்டை இழந்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த பிரஷாந்தி இந்தப் பக்கம் திரும்பினாள். அம்மா வந்திருக்கிறாள்! அந்த முகம் மலர்ந்ததை ஸ்ரீகரன் பார்த்தார். பிறகு அது வாடியதையும் பார்த்தார்.

"அப்பா, அம்மா தூங்குறாங்களா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அருந்ததியின் காது எப்படிப்பட்ட காது! கண்ணாடிக்குள் கண்ணைத் திறந்தாள். மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வீங்கி ஹைதரின் தோளில் வந்த அந்தப் பதினோரு வயதுப் பிள்ளையின் முதுகும் இப்படித்தான் தொங்கிப்போயிருந்தது.

அருந்ததி கண்ணாடியைக் கழற்றினாள். மடக்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "பிரஷாந்தி!" என்று கூப்பிட்டாள். திரும்பிய மகளை நேருக்கு நேர், இமை கொட்டாமல் பார்த்தாள். பிள்ளையாரப்பா, என்ன செய்வாயோ தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தாள்.

பார்த்தால், அது அவள் நினைத்துவைத்திருந்த பெண்ணே இல்லை. தோள் அகன்ற, நிதானமான ஒரு பெண் அங்கே நின்றாள். பந்து போடுவதற்கு முன்னால் இடது மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள். சமையலறையில் கை எல்லாம் மாவாக இருக்கும்போது அருந்ததி துடைத்துக்கொள்வது அப்படியேதான். இத்தனை வருடம் காதில் சேர்ந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றும் இப்போதுதான் உருவம் எடுத்தன. அந்த முனகல் வரும்போது பிள்ளை தரையோடு தரையாகத் தாழ்ந்து இரண்டு கையாலும் பந்தை வாரி எடுக்கிறாள்! அது களைப்பு மட்டும் இல்லை, பிடிவாதமும்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு இதையா தவறவிட்டாள்?

இரண்டாவது செட்டை பிரஷாந்தி வென்றாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அருந்ததி கணுக்காலைப் பார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. நரம்பும் அறுபடவில்லை.

மூன்றாவது செட் இழுபறி. அதில்தான் அருந்ததிக்கு அந்தத் தாய்லாந்துப் பெண் கண்ணில் பட்டாள். இத்தனை வருடமும் மகள் தோற்றதெல்லாம் தன்னாலோ, ஊர்க்கண்ணாலோ என்றுதான் கணக்கு வைத்திருந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிற்பாள், அவளும் உயிரைக் கொடுத்து ஆடுவாள் என்பது காருக்குள் இருந்தவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்தப் பெண் என்னமாய்ப் பந்து போடுகிறாள்! பக்கத்தில் அவளைப் பெற்றவள் மாங்காயை மறந்துவிட்டு, வாயைப் பிளந்து, மகளையே விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யவில்லையே!

கடைசிப் பந்து வலையின் விளிம்பில் பட்டு பிரஷாந்தியின் பக்கமே விழுந்தது. தோற்றாள். வென்ற பெண்ணைப் பெற்றவள் அழுதுகொண்டே அருந்ததியைக் கட்டிப்பிடித்தாள். அருந்ததியும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பரிசளிப்பு முடிந்து, சின்னக் கோப்பையைக் கையில் தொங்கவிட்டபடி மகள் வந்தாள். ஸ்ரீகரன் ஒதுங்கிக்கொண்டார்.

"எல்லாம் என்னாலதான்" என்றாள் அருந்ததி. அடைத்துவைத்தது எல்லாம் கொட்டியது. "நீ சின்னதா இருக்கும்போது வேலிகிட்ட நின்னு அழகா ஆடுறான்னு சொன்னேன், உடனே உன் காலு பிசகிடுச்சு. என் கண்ணு பொல்லாததுமா. அதான் காடியிலயே இருந்தேன். உன்னைப் பாக்கக் கூடாதுன்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இஷ்டமில்லாம இல்ல. இன்னிக்கும் பாரு, பாத்தேன், தோத்துட்ட..."

பிரஷாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாயிற்று. "அதுக்காம்மா? இத்தன வருஷமும் அதுக்கா? அன்னிக்கு என் ஷூ லேஸ் அவுந்திருந்துச்சு. கோச் கட்டச் சொன்னாரு, நான் கட்டல. அவ்வளவுதான் லா!" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அவ சர்வீஸ் பிரமாதம். என்னால எடுக்க முடியல. உங்க கண்ணெல்லாம் ஒண்ணுமில்ல." பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது செட் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அருந்ததி பல்லைக் கடித்தாள். பழகிய வாய் அவ்வளவு சுலபத்தில் திறக்குமா? ஆனால் மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ அழகா ஆடுன" என்றாள்.

சொன்ன கையோடு இருவரும் ஒரே நேரத்தில் கணுக்காலைப் பார்த்தார்கள். கால் அப்படியே இருந்தது. லேஸ் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

தோற்றாலும் இறுதி ஆட்டம் வரை வந்ததற்குப் புள்ளிகள் உண்டு. அடுத்த தரவரிசைப் பட்டியலில் பிரஷாந்தியின் பெயர் இதுவரை ஏறாத இடத்துக்கு ஏறியது. அந்த வாரமே தாய்லாந்தில் அடுத்த போட்டி. இந்த முறை அரிசி டின்னுக்குள் அரிசி மட்டும்தான் இருக்கும் என்று ஸ்ரீகரன் கேலி செய்தார்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும் காலையில் அருந்ததி மகளை வாசலில் நிறுத்தினாள். என்ன இருந்தாலும் ஊர்க்கண் ஊர்க்கண்தான். வானொலியில் வேறு பேசியிருக்கிறாள். உப்பும் மிளகாயும் கடுகும் கைப்பிடிக்குள் அடங்கின. தலையைச் சுற்ற ஆரம்பித்தாள். "ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண், நரிக்கண், கொள்ளிக்கண், கள்ளக்கண்..."

பிரஷாந்தி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். இத்தனை வருடமும் அவள் காது கொடுத்துக் கேட்டதாக யாரும் நினைத்ததில்லை.

"அம்மா, முதல்ல வர்றதை மறந்துட்டீங்க."

"மறக்கல" என்றாள் அருந்ததி, மகளின் முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே. "எடுத்துட்டேன்."